ராஜுலாவில் வந்த மாமா, வெள்ளிக்கிழமை வரும் மகள்

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் தெருவுக்குச் சிங்கப்பூர் முதலில் ஒரு கப்பலின் பெயரோடுதான் வந்து சேர்ந்தது. ராஜுலா. என் அம்மாவின் தம்பி அறுபதுகளில் அந்தக் கப்பலேறித்தான் போனார். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் அவருக்கு வேலை. தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவர் என்பதால் சேலையைத் தொட்டதுமே கோர்வையா, ஒற்றை நாடாவில் ஓட்டியதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கை அங்கே அவருக்குச் சோறு போட்டது.

ராஜுலா 1926-ல் கட்டப்பட்ட கப்பல். தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் மேல்தளத்திலேயே ஏற்றிச்செல்ல அதற்கு அனுமதி இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். மாமா மேல்தளப் பயணி. பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பக்கத்துப் பாய்க்காரரோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்துகிற பயணம் அது. தஞ்சாவூர்க்காரர், ராமநாதபுரத்துக்காரர், நாகூர்க்காரர் என்று அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்த நண்பர்களில் பாதிப் பேர் அந்தத் தளத்தில் கிடைத்தவர்கள்தான்.

மாமா ஊருக்கு வருவது சில வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். முதலில் கடிதம் வரும். எந்த மாதத்துக் கப்பல் என்று அதில் இருக்கும். அம்மா அன்றிலிருந்தே அரிசி புடைக்க ஆரம்பித்துவிடுவார். அப்பா சென்னைத் துறைமுகத்துக்குப் போய் நிற்பார். சுங்கச் சோதனை முடிந்து, செங்கல்பட்டு வரை ஒரு ரயில், அங்கே மாறிக் காஞ்சிபுரத்துக்கு இன்னொரு ரயில், ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி. வண்டி வேகவதிப் பாலம் தாண்டும்போதே தெருப் பிள்ளைகள் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொள்வார்கள்.

வந்தால் மூன்று மாதம் இருப்பார், நான்கு மாதமும் இருப்பார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். போக ஒரு வாரம், வர ஒரு வாரம் என்று கடலில் செலவழிக்கிறவர் பத்து நாள் தங்குவதற்காக அந்தப் பாடு படமாட்டார். முதலாளியும் அதை அறிந்துதான் விடுப்புக் கொடுப்பார். நீண்ட பயணம் நீண்ட தங்கலைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தது.

அந்த மூன்று நான்கு மாதத்தில் மாமா விருந்தாளியாக இருந்தது முதல் வாரம் மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் வீட்டு ஆள். கூரையில் ஒழுகும் இடத்தில் ஓடு மாற்றுவார். என் அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின வருகையில் தறியில் உட்கார்ந்து மூன்று சேலைக்கான ஒரு பாவை முழுக்க அவரே ஓட்டி முடித்தார். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், கரையோரத்து நாடாவைத் தள்ள ஒரு துணை ஆள். அந்தத் துணை ஆள் நான்தான். காலையில் இருட்டோடு உட்காருவோம். அவர் கை ஓடும், வாய் பேசும். பினாங்குத் துறைமுகம், சிங்கப்பூர் ஆற்றில் நிற்கும் தோணிகள், கடைக்கு வரும் சீனப் பெண்கள், மலாய்ச் சொற்கள், எல்லாவற்றையும் நான் அந்தத் தறியில் உட்கார்ந்து கேட்டேன். முந்தி முடிகிற வரைக்கும் ஒரு கதையை நீட்டுவார். அவருடைய பிள்ளைகளைவிட அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று பிற்காலத்தில் அவர்களே சொன்னார்கள்.

மாலையில் கோயிலுக்குப் போவோம். எங்கள் ஊர் ஜினகாஞ்சி. பல்லவர் காலத்திலிருந்து சமணர்கள் வணங்கும் ஊர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். அதன் விதானம் முழுக்க ஓவியம். ரிஷபநாதர், மகாவீரர், நேமிநாதர் ஆகியோரின் வாழ்க்கை கட்டம் கட்டமாகத் தீட்டப்பட்டு, கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. டி.என். ராமச்சந்திரன் 1934-ல் இந்தக் கோயில்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். நாங்கள் சமணர்கள் இல்லை. ஆனாலும் அந்த மண்டபத்துத் தரையில் மல்லாந்து படுத்து, மங்கிய எழுத்துகளை மாமா கூட்டிக் கூட்டிப் படிக்க நான் கேட்டிருக்கிறேன். ஒரே நாளில் முடிகிற வாசிப்பு இல்லை அது. நாலு மாதம் கையில் இருந்தவரால் முடிந்தது.

இப்போது என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். கணினி வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பி, நள்ளிரவு தாண்டி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். ஞாயிறு இரவு விமானத்தில் திரும்புகிறாள். நடுவில் ஒரு சனிக்கிழமை மட்டும் முழுசாகக் கிடைக்கிறது. மாமா வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தார், இவள் மாதக்கணக்கில் விட்டு வருகிறாள். எண்ணிக்கையில் இவள்தான் அதிகம். ஆனால் அவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதற்குக் கோபப்படுகிறாள், அவளோடு வேலை பார்ப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. மாமாவைப் பற்றி அதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

தூரம் மாறவில்லை. சென்னை விமான நிலையத்துக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே வளைந்த பூமியின் மேல் அளந்தால் சுமார் 2,900 கிலோமீட்டர். மகள் பள்ளியில் படித்தபோது நானே இதை அவளுக்கு அளந்து காட்டியிருக்கிறேன். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு உலக உருண்டையின் மேல் பட்டு நூலைச் சென்னையிலிருந்து இழுத்துப் பிடித்தால் சிங்கப்பூர் ஏழு சென்டிமீட்டரில் வந்துவிடும். லண்டன் பத்தொன்பது. அங்கே தூரம் 8,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நியூயார்க்குக்கு இழுத்தால் நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறி, ரஷ்யாவைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்தை எட்டிவிட்டுத்தான் இறங்கும். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நம்ப முடியாததாக இருக்கும். நூல் பொய் சொல்லாது என்று அவளுக்குச் சொன்னேன். விமானங்கள் அந்த நூலை ஒட்டித்தான் போகப் பார்க்கின்றன. பிற நாடுகளின் வான்வெளி, வானிலை, விமானப் பாதைகளின் விதிகள் எல்லாம் கொஞ்சம் விலக்கிவிடும்.

சிங்கப்பூருக்கு அட்டவணையில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்ந்து கதவருகே நிற்பது எல்லாம் அதில் அடக்கம். காற்றும் கணக்கில் உண்டு. லண்டனுக்குப் போகிற விமானம் திரும்பி வருகிற விமானத்தைவிட அதிக நேரம் எடுப்பது மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்றால்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே, மேகங்களுக்கும் மேலே, காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்காக வேகமெடுக்கும். அந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். ஆடி மாதம் ராத்திரி மாடியில் நின்று பார்க்கிற எனக்கு அந்தக் காற்று தெரியாது. ஆனால் மகளைச் சில நிமிஷம் முன்னதாகக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான் என்று தெரிந்தபோது அந்த அறிஞரின் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

கடிகாரக் கணக்கு வேறு. நம் நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். அங்கே இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் இங்கே பத்து மணிக்கு முன்பே இறங்கலாம். போகும்போது அந்த இரண்டரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இங்கே இரவு பதினொன்றுக்கு ஏறினால் அங்கே விடிகிற நேரத்துக்குத்தான் இறங்குவாள். இறங்கி நேராக வேலைக்குப் போவாள்.

மாமா காலத்தில் இந்த வித்தியாசம் இரண்டு மணிதான். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் நேரத்தை ஒன்றாக்கி அரை மணி முன்னால் தள்ளியபோது சிங்கப்பூரும் சேர்ந்து தள்ளிக்கொண்டது. என் அம்மா அதை ஏற்கவில்லை. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டைக் கூட்டி, "இப்ப தம்பி கடை திறந்திருப்பான்" என்பார். இரண்டரை என்று திருத்தினால், "நான் அவன் போன நாளிலேருந்து ரெண்டுதான் கூட்டறேன்" என்பார். கடைசி வரைக்கும் இரண்டுதான் கூட்டினார்.

விமானம் அப்போது இல்லாமல் இல்லை. 1950களிலேயே ஏர் இந்தியா சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறந்தது. ஜவுளிக் கடைச் சம்பளத்தில் அந்த டிக்கெட்டை நினைத்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ராஜுலா 1973-ல் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-ல் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் அந்தக் கப்பல் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்தது. மாமா பிறகு விமானத்தில்தான் வந்தார். தங்கல் ஒரு மாதமானது, பிறகு பத்து நாளானது.

பழைய காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்குத் துரோகம் செய்தவனாவேன். என் தாத்தா, மாமாவின் அப்பா, இறந்தபோது தந்தி கொடுத்தோம். மாமாவுக்குத் தந்தி கிடைத்தது, கப்பல் கிடைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் அழுகை ஓய்ந்த பிறகு வந்து இறங்கினார். ஓய்ந்த அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வேகவதிக் கரையில் அவர் தனியாகப் போய் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவருடைய ஊரில், அவருடைய அப்பாவுக்கு, அவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. என் மனைவிக்கு மாரடைப்பு வந்த இரவில் மகளுக்குப் போன் செய்தேன். மறுநாள் அறுவைச் சிகிச்சை அறைக்கு அவளைக் கொண்டுபோவதற்கு முன்பே மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நான்கு மணி நேரத்துக்கு நான் உயிருள்ளவரை கடன்பட்டவன்.

ஆனால் எங்களுக்கு அது நான்கு மணி நேரத்தோடு முடிவதும் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கணக்கெழுதியவன். சேலை எத்தனை நாளில் நெய்யப்படும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பத்து நாள், பதினைந்து நாள், வேலைப்பாட்டைப் பொறுத்தது என்போம். தறியில் ஓடுகிற நாள் மட்டும்தான் அது. பட்டுக்குச் சாயம் தோய்ப்பது, பாவு ஓடுவது, பழைய பாவின் முனையோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பது எல்லாம் அதற்கு முன்னால் இருக்கின்றன. விமான நேரமும் அதே மாதிரி தறியில் ஓடுகிற நேரம்தான். மகள் வீட்டிலிருந்து சாங்கிக்கு ஒரு மணி, அங்கே காத்திருப்பு, இங்கே குடிநுழைவு வரிசை, பெட்டி வரும் வரை நிற்பது, பிறகு பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம். அறுபது கிலோமீட்டருக்கு மேல். தொழிற்சாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் மாட்டிக்கொண்டால் அந்தச் சாலையிலேயே பொழுது போய்விடும். மொத்தத்தைக் கூட்டினால் பறக்கும் நேரத்தைவிடப் பறக்காத நேரம்தான் கூட.

சென்னையின் பன்னாட்டு முனையத்துக்கு அண்ணாவின் பெயர். காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் மகளுக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரரின் வாசலில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

தூரத்தை நாளில் சொல்வது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. சீனத்தின் ஹான் வரலாற்று நூல் ஹுவாங்-ழி என்ற நாட்டுக்குப் போகும் வழியைச் சொல்கிறது. அது காஞ்சிதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தக் குறிப்பில் காதக் கணக்கு இல்லை. ஐந்து மாதம் கப்பல், பிறகு நான்கு மாதம், பிறகு இருபது நாள், பத்து நாளுக்கு மேல் நடை, மறுபடி இரண்டு மாதம் கப்பல். அந்த வழியில் ஒரு காண்டாமிருகத்தை உயிரோடு சீன அரசவைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங்குக்கு இங்கிருந்து இலங்கை மூன்று நாள் கடற்பயணம் என்று சொன்னார்கள். இலங்கையிலிருந்து வந்த துறவிகள் அங்கே குழப்பம் என்று சொன்னதால் அவர் போகவில்லை. மூன்று நாள் தூரத்து நாட்டைக் காஞ்சியில் தங்கி, அங்கிருந்து வந்தவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தக் காலத்துப் பயணிகளுக்கு வழியில் தங்குவதும் பயணத்தின் பகுதிதான்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு இன்றைக்கும் திகம்பர முனிவர்கள் கர்நாடகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நடந்தே வருகிறார்கள். வாகனம் ஏறுவதில்லை. மழைக்கால நான்கு மாதம் ஒரே ஊரில் தங்குவது அவர்கள் நெறி. அந்த மாதங்களில் நடந்தால் ஈரத்தில் முளைத்த சிற்றுயிர்கள் காலில் மிதிபடும் என்பதால் ஏற்பட்ட நெறி அது. மாமாவும் நானும் அவர்களைப் பார்க்கப் போவோம். சாதுர்மாசம் முடிந்து அவர்கள் கிளம்புகிற நாளில் அந்த ஊரே அவர்களுக்குச் சொந்தமாகியிருக்கும். யார் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பது வரை தெரிந்துகொண்டிருப்பார்கள்.

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானது. எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற இடம். 2025-ல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. அது வந்தால் எனக்கு லாபம்தான். ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் இல்லை, விமானம் இறங்கி அரை மணியில் மகள் வீட்டில் இருப்பாள். அந்த அரை மணிக்காகக் கேட்கப்படுவது 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம். அதில் வயலும் ஏரியும் இருக்கின்றன. கம்பன் கால்வாய் ஓடுகிற நிலம் அது. ஏகனாபுரத்து மக்கள் தேர்வு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து போராடுகிறார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அவர்கள் கேட்பது தங்கள் ஊரில் தங்குவதற்கான உரிமை. மகள் இரண்டு நாளாவது தங்கமாட்டாளா என்று ஏங்குகிற நான், தலைமுறை தலைமுறையாகத் தங்கியவர்களை எழுப்பிவிட்டு அந்த நேரத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன். இதை எங்கள் தெருவில் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. விமான நிலையம் வந்தால் பட்டு வியாபாரம் பெருகும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பெருகலாம். ஏரி போனால் திரும்பி வராது.

மகளோடும் இதைப் பேசினேன். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, மடிக்கணினியை அவள் மூடிவைத்த ஒரு இடைவெளியில்.

"பரந்தூர் வந்துட்டா எனக்குப் போக வர நிறைய நேரம் மிச்சம்ப்பா. ஞாயித்துக்கிழமை ராத்திரிச் சாப்பாடு சாப்டுட்டே கிளம்பலாம்."

"அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏகனாபுரத்துக்காரங்க ஊரையே கொடுக்கணும்மா. எனக்கு வேணாம். நீ வர்ற தடவையைக் குறைச்சுக்கோ. இருக்கிற நாளைக் கூட்டு."

"குறைச்சா அம்மா சும்மா இருப்பாங்களா? சேர்த்து லீவும் கொடுக்க மாட்டாங்க."

"இங்கேருந்தே ஒரு மாசம் வேலை பார்க்கிறேன்னு கேட்டுப் பாரேன். இப்பத்தான் எல்லாரும் வீட்லேருந்தே பார்க்கிறாங்களே. மேல் அறையில உட்கார்ந்துக்கோ. ரெண்டரை மணி முன்னாடி எழுந்திரிக்கணும், அவ்வளவுதானே. உங்க சின்னத் தாத்தா விடியறதுக்கு முன்னாடி தறியில உட்காருவார்."

அவள் யோசித்தாள். ஒரு மாதம் இங்கே என்ன செய்வேன் என்று கேட்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோயில் விதானத்தில் இருக்கிற எழுத்தை நான் அவளுக்கு இதுவரை படித்துக் காட்டியதில்லை, அதற்கு ஒரு சனிக்கிழமை போதாது என்றும் சொன்னேன். அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டாயா, கேட்டாயா என்று நான் வாராவாரம் போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.